இலையில் இடம் கிடைக்காத ஜாய்ஸ்டிக்

சித்தப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். யாரையும் நல்லவராக்க மாட்டேன். யாருக்காகவும் ஒரு வரியைக்கூட விட மாட்டேன்.

இன்று உன் பதினாறாம் நாள். காரியம் முடிந்துவிட்டது. உனக்குப் படைத்த குவார்ட்டரை அப்பாவும் அத்தை வீட்டு மாமாவும் மொட்டை மாடியில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் வலது உள்ளங்கையில் உன் கம்பெனிக் கூலன்ட் வாடை இருக்கிறது. மெஷினில் இரும்பை அறுக்கும்போது சூடாகாமல் இருக்க ஊற்றுவார்களே, அந்தப் பால் நிறத் தண்ணீர். எந்தச் சோப்புக்கும் அது உன் கையை விட்டுப் போனதில்லை. உன் கையிலிருந்து, நீ கேம் ஆடும் ஜாய்ஸ்டிக்கின் ரப்பரில் ஏறியிருந்தது. இன்று மாலை அதிலிருந்து என் கைக்கு வந்தது.

உன்னை நான் நீ, வா, போ என்று பேசுவது அம்மாவுக்குப் பிடிக்காது. "அப்பாவோட தம்பிடி, மரியாதையா பேசு" என்பாள். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "விடுங்க அண்ணி, அவ என் டீமு. 'சித்தப்பா அவர்களே, பின்னால் பூதம் வருகிறது'ன்னு அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் செத்துருவேன்."

அந்த டிராகன் படம் ஓசூருக்கு வரவில்லை என்று எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு பஸ் ஏறினோமே, நினைவிருக்கிறதா? கன்னடத்தில் பேசுவார்களே, எனக்குப் புரியுமா என்று கேட்டேன். "டிராகன் எந்த பாஷையில கத்துனா என்ன?" என்றாய். குழந்தைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தோம். பக்கத்து இருக்கைக்காரர், "பாப்பாவுக்காக வந்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க, எனக்காக. இவ தொணைக்கு வந்திருக்கா."

அவர் மனைவியின் காதில் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். உனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். ஆனாலும் நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய்: "படத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் எது தெரியுமா? லைட்ட அணைக்கிற எடம். அதுக்கு ஒரு நொடி முன்னாடி எல்லா மூஞ்சியையும் பாரு. ஒருத்தனுக்கும் வயசே இருக்காது."

விளையாட்டிலும் நீ அப்படித்தான். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மலைமேல் ஏறுவாய். அங்கே புதையலும் கிடையாது, எதிரியும் கிடையாது. உச்சியில் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பார்ப்பாய். சும்மா எதற்கு ஏறுகிறாய் என்று நான் எரிச்சலோடு கேட்டேன். "எவனோ உக்காந்து ஒவ்வொரு கல்லா செஞ்சு வெச்சிருக்கான். யாராவது போய் பாக்கணும் இல்ல?" என்றாய். நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்று, எந்த வண்டிக்குள் போகும் என்றே தெரியாத சாமானைச் செய்கிறவன் நீ. அதை யாரும் போய்ப் பார்த்ததில்லை என்று இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது.

கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரின் வெள்ளை நுரை மலை மாதிரி குவிந்து காற்றில் பறந்த அன்று, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை விரட்டினார்கள். நீ மட்டும் ஓரமாக நிறுத்தினாய். "பூதம் குளிச்சுட்டுப் போயிருக்கு" என்றாய். பிறகு முகர்ந்து பார்த்து, "சோப்புதான் சரியில்ல."

இதெல்லாம் வீட்டில் யாருக்கும் சிரிப்பாக இல்லை. மாமா வரும்போதெல்லாம் உன்னைக் கிளறுவார். "ஏன்டா, டிராகன் இருக்குதுன்னு நெசமாவே நம்புறியா?"

"இல்ல மாமா. இல்லன்னு தெரிஞ்சுதான் பாக்கறேன்."

"பைத்தியக்காரனாவது நம்பித் தொலைப்பான். இவன் அதுக்கும் மேல" என்று மாமா சொன்னார். அப்பாவும் சிரித்தார்.

பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா உன் விளையாட்டுப் பெட்டியையும் பொம்மைகளையும் அரிசிச் சாக்கில் கட்டி பாத்ரூம் பரணில் ஏற்றினாள். பெண்ணின் அப்பா மிக்சர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. கம்பெனி பார்ட்டின்னா ஒரு பீரு, அவ்வளவுதான்" என்றார் அப்பா. நீ பீரைத் தொட்டதே இல்லை. குடிப்பதாகச் சொன்னால் உன்னை ஆம்பளையாக நினைப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

நீ அமைதியாகத் திருத்தினாய். "குடிக்கறதில்லீங்க. கேம் ஆடுவேன்."

"கேம்னா? ரம்மியா?"

"இல்லீங்க. டிராகன் வேட்டை."

அவர் மிக்சரை மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. அத்தை கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து உன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "குடிகாரனுக்கெல்லாம் பொண்ணு கெடைக்குது. ரம்மி ஆடறவனுக்கும் கெடைக்குது. நீ எதுலயும் சேராதவன்டா." அன்று நீ பரணிலிருந்து சாக்கை இறக்கவில்லை. நான்தான் ஸ்டூல் போட்டு இறக்கினேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, மழையில், சர்வீஸ் ரோட்டில் விளக்குப் போடாமல் நின்ற லாரியில் உன் பைக் மோதியது. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தாய் என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. "ஆட்டத்த ஆடி ஆடி கண்ணு அவிஞ்சு போச்சு அவனுக்கு" என்று அத்தை உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். ஊருக்குத் திரும்பும்போது உன் விளையாட்டுப் பெட்டியைத் தன் பையனுக்கு என்று எடுத்துக்கொண்டு போனாள். ஜாய்ஸ்டிக் உன் தலையணைக்கு அடியில் இருந்ததால் தப்பியது. அதை என் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டேன். இன்றைக்காகத்தான்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார்.

உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்தார்கள். பிரியாணி, வறுவல், ஒரு குவார்ட்டர், ஒரு சிகரெட் பாக்கெட்.

"சித்தப்பா இதெல்லாம் தொடவே மாட்டாருப்பா" என்றேன். மற்றவர்கள் முன்னால் உனக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசினேன்.

"ஆம்பளைக்குப் படைக்கறப்ப வெக்கறதுதான். ஊரு பாக்குதில்ல" என்றார் அப்பா.

நான் பையைத் திறந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தேன். "இது மட்டும் இருக்கட்டும்பா. அப்பதான் தனக்கு வெச்ச எலைன்னு அவருக்குத் தெரியும்."

அப்பா அதைக் கையில் எடுத்தார். ஏதோ நினைத்தவர்போல மூக்கருகே கொண்டு போனார். வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் அத்தை அதைப் பிடுங்கினாள். "அட, இது இங்கயா இருக்குது? இது இல்லாம அந்தப் பொட்டி ஓட மாட்டேங்குதுன்னு பையன் அழுதுட்டு இருக்கறான்." சேலைத் தலைப்பில் துடைத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிகரெட் பாக்கெட்டை நேராக்கி வைத்தார்.

என் கையில் மட்டும்தான் மிச்சம், சித்தப்பா. நான் இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் கை கழுவ வேண்டும். நாளைக்குள் இந்த வாடை போய்விடும் என்று தெரியும். அதற்குப் பிறகு உன்னைத் தவிர யாரும் ஏறாத அந்த மலைதான் இருக்கும். அதை நான் போய்ப் பார்ப்பேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். "கொலுசு போட்டவங்க நடக்காதீங்க, வர்றவன் தெகைச்சிருவான்" என்று அத்தை கிசுகிசுத்தாள். அப்பா குனிந்து செருப்புகளை ஓரமாகத் தள்ளி, நீ நடந்து வர வழி விட்டார். டிராகன் உண்டா என்று உன்னைக் கேட்ட மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீட்டர் பெட்டியில் கை வைத்து நின்றார். நான் உள்ளங்கையை மூக்கருகே வைத்துக்கொண்டு, நீ சொன்னபடி எல்லா முகங்களையும் பார்த்தேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் வயதே இல்லை. உள்ளே யாருக்கோ வைத்த இலை உனக்காகக் காத்திருந்தது.

மாமா மெயினை இறக்கினார். வீட்டு விளக்குகள் எல்லாம் அணைந்தன.