பிறந்தநாள் நூடுல்ஸுக்குக் கத்தரிக்கோல்

அன்பு மகள் ஷுக்-யீக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் ஏதோ இருக்கோம், வான்கூவர் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியா இருக்கணும். தம்பி சீ-லாங் கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிடும்மான்னு போன்ல கெஞ்சினியே, பொண்ணு வீட்டுக்காரங்களை ஒரு தடவை சாப்பாட்டு மேசையில பார்த்துட்டுத்தான் சொல்வேன்னு சொன்னேன், பார்த்தாச்சு. அப்பாவோட எழுபதாவது பிறந்தநாளுக்கு அவங்களே விருந்து வச்சாங்க. நம்ம பேட்டை ஷாம் ஷுய் போவுல இல்லாத கடையா? சிம் ஷா சுய்ல கடல் தெரியுற கண்ணாடி ஹோட்டலாம். கடலையா திங்கப் போறோம்?

மாட்டுக்கறி போட்டு வறுத்த அரிசி நூடுல்ஸ் வந்தது. தட்டு வர்றதுக்கு முன்னாடி வாணலி வாசனை வர வேண்டாமா? மூக்கை உள்ளயே விட்டாலும் ஒண்ணுமில்லை. நூடுல்ஸ் துண்டு துண்டா உடைஞ்சு கிடக்கு, தின்னு முடிச்ச தட்டுல எண்ணெய் குளம் கட்டி நிக்குது. நம்ம முக்குக்கடை லாவ் இப்படி ஒரு தட்டு போட்டா வெட்கத்துல கடையை மூடிடுவான். இனிப்பு புளிப்புப் பன்னிக்கறின்னு ஒண்ணு, அன்னாசித் துண்டுக்கு நடுவுல கறியைத் தேடணும், மேல்மாவு ஊறிப்போய் சொதசொதன்னு. சம்பந்தி மாக் என்னடான்னா, பன்னியை ஸ்பெயின்ல இருந்து வரவழைக்கிறாங்கன்னு பீத்திக்கிறார். வந்த அலுப்புலயே செத்திருக்கும் போல, வாட்டின கறித் தோலைக் கடிச்சா சத்தமே இல்லை, செருப்பு வாரு மாதிரி இழுக்குது. அதுக்கும் அந்த மனுஷன் ஆஹாங்கிறார். நாக்குன்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ, அந்தக் குடும்பத்துக்கு.

கடைசியா, வெட்டாம நீள நீளமா போடற ஆயுசு நூடுல்ஸ் வந்தது. அப்பா வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு கிண்ணத்தைத் தள்ளிட்டார். பொய். ஒரு வாய் சாப்பிடலை அவர். உனக்கு இதைச் சொல்லாம வச்சிருந்தோம், புத்தாண்டுக்கு அப்புறம் அவருக்கு வலது கை நடுங்குது, நரம்பு வியாதின்னு டாக்டர் சொல்லிட்டார், மக கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவர் உத்தரவு. சாப்பிடற குச்சியைப் பிடிக்க முடியலைன்னு வெளியில சாப்பிடறதையே விட்டுட்டார். நானும் யாரும் கவனிக்காம பேச்சை மாத்தி மாத்திச் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் அந்த சம்பந்தியம்மா சர்வரைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோல் கேட்டா. பிறந்தநாள் நூடுல்ஸை வெட்டினா ஆயுசை வெட்டின மாதிரின்னு பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சர்வரே திகைச்சு நின்னுட்டான். எனக்கு வந்துச்சு பாரு கோபம், சம்பந்தம் பேச வந்தீங்களா சாவு சொல்ல வந்தீங்களான்னு கேட்டே விட்டேன். சீ-லாங் முகம் வெளுத்துப் போச்சு, கல்யாணம் அத்தோட முடிஞ்சதுன்னு நெனைச்சிருப்பான். அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. முதல்ல தன் கிண்ணத்துல இருந்ததை நறுக் நறுக்குன்னு வெட்டினா. அப்புறம் அப்பாவோடதை வெட்டி, ஒரு கரண்டியை வச்சு, குறைஞ்சா என் ஆயுசும் சேர்ந்தே குறையட்டும் அண்ணே, சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்கன்னா. அவ புருஷன் கத்தரிக்கோலை வாங்கித் தன்னோடதை வெட்டினார், பொண்ணும் வெட்டினா, சீ-லாங்கும் வெட்டினான். எல்லாரும் கரண்டியிலேயே தின்னாங்க. அப்பா முழுக் கிண்ணத்தையும் காலி பண்ணினார், சட்டையெல்லாம் சிந்துச்சு, ஒருத்தரும் பார்க்கலை. நானும் வெட்டிக்கிட்டேன், வேற என்ன செய்ய?

ருசி தெரியாத கூட்டம்தான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிட்டேன். சீருக்கு வைக்கிற முழுசா வாட்டின பன்னியை மட்டும் நானே கடையில நின்னு, தோலைத் தட்டிப் பார்த்து வாங்குவேன், அவங்க கையில விட்டா நம்ம மானம் போயிடும். குவான் யின் தாய் உங்க ரெண்டு பேரையும் நோய்நொடி இல்லாம காப்பாத்தட்டும். காதை மூடாம வெளியில போகாதே. டிக்கெட்டைச் சீக்கிரம் போடு, கல்யாணத்துக்குன்னு காத்திருக்காம முன்னாடியே வா.

உன் அம்மா

கீழ கோணல்மாணலா இருக்கறது அப்பா பேரு. அவர் பேரையும் நானே எழுதறேன்னதுக்குப் பேனாவைப் பிடுங்கிக்கிட்டார், இனிமே யார்கிட்டயும் மறைக்கப் போறதில்லையாம்.