பாலுக்கு மூடிய உதடு

பால் சொசைட்டிக்கே செயலாளராக இருந்தும் ஒரு வாய் பால் குடிக்காத என் பிரியமான மச்சானுக்கு,

அக்கா நலம். நீங்கள் போன இந்த ஒரு வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சொன்னால் அடிக்க வருகிறாள். சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலப்பது அப்படியேதான் இருக்கிறது. பால்மானியைப் பார்த்துவிட்டு நான் நிமிர்ந்தால், பால் கொண்டுவருகிறவர்கள் "மழ பேஞ்சுதுங்க, கேன்ல உழுந்துருச்சாட்ட இருக்குது" என்கிறார்கள். மோகனூரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. இதையெல்லாம் உங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லி நாலு வருஷப் பழக்கம், விட முடியவில்லை.

அந்த எருமையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் சைக்கிளுக்குக் குறுக்கே வந்து, உங்கள் தலையை மைல்கல்லில் மோதவிட்டு, அது பாட்டுக்கு மேயப் போய்விட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம். கண் திறந்தீர்கள், யாரையும் பார்க்கவில்லை. இனி நினைவு திரும்பாது என்று சொல்லி, மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து உங்கள் அண்ணன் எல்லோரையும் வாசலில் கூட்டினார். கெட்ட எண்ணமில்லை, அழுதுகொண்டேதான் பேசினார். "கொழாய எடுத்துப்போட்டு, பால ஊத்தி அனுப்பி வெச்சுரலாம். என்ற தம்பி இப்படிச் சீரழிய வேண்டாம். என்ன சொல்றீங்க?"

முதலில் "சரிங்க" என்றது நான்தான் மச்சான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் உங்கள் கட்டில்.

மறுநாள் காலை குழாயை எடுத்தார்கள். பாடைக்கு மூங்கில் வெட்டியாயிற்று. சொந்தமெல்லாம் வரிசையில் வந்து ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றினார்கள். நீங்கள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். யார் ஊற்றினாலும் கடைவாயில் வழிந்தது. மண்ணாசைதான் இழுக்கிறது என்று யாரோ சொல்ல, உங்கள் தோட்டத்து மண்ணைக் காவேரித் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். அது இறங்கியது! மறுபடி பால். மறுபடி பூட்டு.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உங்களுக்குப் பால் ஆகாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் சாகப்போகிறவருக்குப் பால் என்றால் பால்தானே, பிடிக்குமா என்று யார் கேட்பார்கள்? அடுப்படிக்கு ஓடி, பால் விடாத வரக்காப்பி போட்டு, ஆற்றிக் கொண்டுவந்தேன். இறங்கியது. அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தீர்கள்.

அக்கா பால் கரண்டியை நீட்டினாள். பூட்டு. காப்பியை நீட்டினாள். திறப்பு. காப்பியில் நாலு சொட்டுப் பால் விட்டு ஏமாற்றப் பார்த்தாள். மூக்கு சுருங்கியது, மறுபடி பூட்டு.

"அட சாமி, இந்த மனுசன் உள்ளதானுங்க இருக்காரு!" என்று அவள் கத்திய கத்தலில், ஒப்பாரிக்கு வந்தவர்கள் சிரித்தேவிட்டார்கள்.

உள்ளூர் டாக்டர் வந்து, அனிச்சையாக நடப்பது, நம்பாதீர்கள் என்றார். "நீங்களே ஊத்திப் பாருங்க" என்றேன். மாற்றி மாற்றி மூன்று தடவை ஊற்றினார். பிறகு குழாயைத் திரும்பப் போட்டார். மூங்கில் அவரைக்கொடிப் பந்தலுக்குப் போயிற்று. அந்த வருஷம் என்ன காய்ப்பு!

அதன்பிறகு திறந்தால் ஆமாம், மூடினால் இல்லை. எதையும் மூன்று தடவை கேட்போம். மூன்றும் ஒத்துவந்தால்தான் அது உங்கள் பதில். உங்கள் மகளுக்கு வந்த ஜாதகங்களைப் படிக்கப் படிக்க, எத்தனை மாப்பிள்ளைகளை உதட்டாலேயே திருப்பி அனுப்பினீர்கள்!

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியபோது, உங்கள் அண்ணன் யாரையும் வாசலில் கூட்டவில்லை. கட்டிலருகில் உட்கார்ந்து உங்களைத்தான் கேட்டார்.

"சேலத்துக்குப் போலாமா சாமி?"

மூடினீர்கள்.

"ஊட்டுலயே இருந்துக்கறயா?"

திறந்தீர்கள். மூன்று தடவையும் அதே பதில். டாக்டர் தனியாகக் கேட்டபோதும் அதேதான். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார். நீங்கள் சொன்னபடியே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், அக்கா குளிக்கப் போயிருந்தபோது, நானும் ஒன்று கேட்டேன். "அன்னைக்கு வாசல்ல நான் சரின்னு சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா மச்சான்?" உதடு திறந்தது. "என்ற மேல கோவமுங்களா?" மூடினீர்கள். தேம்பித் தேம்பி அழுதேன். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்ட நான், இதை மட்டும் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். பயம் மச்சான், வேறென்ன?

அம்மாபேட்டைச் சித்தப்பா மூளையில் ரத்தம் கட்டி, நினைவில்லாமல் கிடக்கிறாராம். பால் ஊற்றலாமா என்று பேச வரச்சொல்லி ஆள் வந்தது. நாளைக்குப் போகிறேன். வாசல் பேச்சில் நிற்க மாட்டேன். நேரே கட்டிலுக்குப் போய் அவரைத்தான் கேட்பேன். இது சத்தியம்.

என் கேள்வியில் பாக்கியிருக்கும் இரண்டு தடவையை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒன்றும் அவசரமில்லை.

உங்கள் மச்சினன்,
சின்னுசாமி