கேபிள் எட்டும் தூரம்

கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பைப் பல மாதங்களாக நான் திறக்கவில்லை. இன்று காலை பேட்டரி தேடும்போது கை தானாகத் திறந்துவிட்டது. உள்ளே அந்தச் சுருள் கேபிள். முன்பு உன் கேமராவையும் என் கையிலிருந்த ப்ளாஷையும் இணைத்துக்கொண்டிருந்தது அதுதான். புதுக்கோட்டை வெயிலில் ரப்பர் இளகி, தொட்ட விரல்களில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை. அந்த வாடையோடுதான் இதை உனக்கு எழுதுகிறேன்.

நீ ஜெகதாப்பட்டினம், நான் அன்னவாசல். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். படிப்பு முடிந்து நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, துபாயிலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்த கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாய்.

"எங்க பக்கம் நிக்காஹ்ல பொண்ணு இருக்குற ரூமுக்குள்ள ஆம்பள போட்டோகிராபர விட மாட்டாங்க. நாம போவோம் புள்ள. நான் எடுக்குறேன், நீ லைட்டப் புடி."

லைட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன்.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? கேமரா மேலயே ப்ளாஷ் இருந்தா மூஞ்சி ரேஷன் கார்டு போட்டோ மாதிரி விழுது. பக்கத்துலேர்ந்து அடிச்சா மூக்கு மூக்கா இருக்கு. அம்புட்டுத்தான்."

அந்த 'அம்புட்டுத்தான்' போதுமாக இருந்தது. புதுக்கோட்டை கீழராஜவீதிக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை எடுத்தோம். கோட்டைப்பட்டினம், மீமிசல், மணமேல்குடி என்று கடற்கரை நெடுக நம்மைக் கூப்பிட்டார்கள். பிறகு இங்கிட்டு இந்து வீட்டுக் கல்யாணங்களும் வந்தன.

கேபிளை நன்றாக இழுத்தால் இரண்டு ஆள் தூரம் வரும். நீ ஓரடி நகர்ந்தால் நானும் நகர வேண்டும். மீமிசலில் ஒரு வீட்டில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடியதில் கேபிள் ஒருத்தியின் காலில் சிக்கி, கேமரா உன் கையைவிட்டு நழுவப் பார்த்தது. அன்று பஸ்ஸில் நான் சொன்னேன், வயர் இல்லாமல் ரேடியோவில் வேலை செய்கிற ட்ரிக்கர் வாங்கலாம் என்று. உனக்கு மனமில்லை. "கேபிளு காலத் தட்டும், ஆனா கழுத்த அறுக்காது" என்றாய். நான் விடவில்லை. விலை குறைந்ததாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கினோம்.

நீ சொன்னதே நடந்தது. உங்கள் ஊரிலேயே ஒரு நிக்காஹ். மணப்பெண்ணின் அத்தா மீன்பிடிக்கப் போய் எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டு, அந்தக் கரைச் சிறையில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குச் சற்று முன்புதான் ஊர் திரும்பியிருந்தார். மெலிந்துபோன மனிதர். பெண்கள் அறைக்குள் ஒரு நிமிடம் வந்து, மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்தார். நீ அழுத்தினாய். ப்ளாஷ் எரியவில்லை. மறுபடி அழுத்தினாய். எரியவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். படங்களில் வெறும் இருட்டு. உன் வீட்டுக்கு வந்து, எதிரே ஐஸ் பிளாண்டில் லாரிகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த சத்தத்தில், நீ அந்த இருட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தாய். "அந்த மனுசன் இன்னொரு தடவ அப்புடி வந்து நிப்பாரா புள்ள?" என்று மட்டும் கேட்டாய்.

ஆனாலும் நீ பிடிவாதக்காரி இல்லை. நல்ல ட்ரிக்கராகத் தேடிப் பிடித்து நீயே வாங்கி வந்தாய். அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் நமக்கு நல்ல வருடங்கள். நான் ப்ளாஷோடு மண்டபத்தின் அந்தக் கடைசிக்குப் போய்விடுவேன். மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று கூந்தல் விளிம்பில் வெளிச்சம் விழச் செய்வேன். கூட்டத்துக்கு மேலாக நீ கையைத் தூக்கி இரண்டு விரலை ஆட்டினால் வெளிச்சத்தைக் குறை என்று அர்த்தம். பேச்சே தேவைப்படாது.

மணமேல்குடியில் ஒரு கல்யாணத்தில் அந்தக் கை தூக்கப்படவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது நீ இருந்த இடத்தில் பெண்கள் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் யாரோ உன் முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். "ஒண்ணுமில்ல, பசி" என்றாய். பசியில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று உன் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. தஞ்சாவூரில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நீ டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி ட்ரிக்கரைப் பற்றியது: அதன் ரேடியோ அலை பேஸ்மேக்கரைக் கெடுக்குமா என்று. அதை நெஞ்சோடு ஒட்டி வைக்காதே, கேமராவைக் கழுத்தில் தொங்கப் போடாமல் கையில் வைத்துக்கொள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். உன் உம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"அந்த ரேடியோப் பொட்டி வேணாம்மா. பழைய வயரையே மாட்டு."

"உம்மா, டாக்டரு சொன்னாருல்ல?"

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. நீ வயரு மாட்டுனா வேலைக்குப் போ. இல்லாட்டி போவாத."

உம்மாவுக்குப் படிப்பில்லை, பயப்படுகிறார் என்று நீயும் நானும் கண்ணால் பேசிக்கொண்டோம். அவருக்காகக் கேபிளுக்குத் திரும்பினோம்.

மறுபடி இரண்டு ஆள் தூரம். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பக்கத்தில் நின்றதால் நிறையத் தெரிந்தது. படி ஏறியதும் நீ கேமராவைச் சரிசெய்கிற சாக்கில் மூச்சு வாங்குவது தெரிந்தது. மேலுதடு வியர்ப்பது தெரிந்தது. திருவரங்குளத்தில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டி முடித்துக் கெட்டிமேளம் ஓய்ந்த நேரம், நீ பின்பக்கமாகச் சாய்ந்தாய். நான் ப்ளாஷைக் கீழே போட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ கீழே விழவில்லை. கேமராவை மட்டும் விடாமல் பிடித்திருந்தாய். "தாலி கட்டுனது படத்துல வந்திருச்சு புள்ள, பாத்துட்டேன்" என்று என் தோளில் சாய்ந்தபடியே சொன்னாய். மாப்பிள்ளையின் அம்மா உனக்கு சோடா உடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நீ வேலைக்கு வரவில்லை. கேமராவை என்னிடம் கொடுத்து, "நீயே எடு. ஸ்டாண்டுல ப்ளாஷ மாட்டு, ட்ரிக்கர் போட்டுக்க. ஒனக்கென்ன, நல்ல நெஞ்சுதான?" என்றாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் வாங்கிக்கொண்டேன். நீ போன பகல் நான் ஒரு வளைகாப்பில் இருந்தேன். வீட்டில், தொழுதுவிட்டுப் படுத்தவள் எழவில்லை என்று உன் அண்ணன் போனில் சொன்னார். நான் ஜெகதாப்பட்டினம் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துப் போயிருந்தார்கள். வாசலில் செருப்புகள் மட்டும் நிறையக் கிடந்தன.

கொஞ்ச நாள் கழித்து உம்மாவைப் பார்க்கப் போனேன். டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். இப்போது எப்படி வேலை செய்கிறாய் என்று கேட்டார். ட்ரிக்கர்தான், கேபிள் இல்லை என்றேன். தலையை ஆட்டினார்.

"அந்தப் பொட்டியால ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கும் தெரியும் தங்கம். டாக்டரு சொன்னது எனக்கு வெளங்காமயா போச்சு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அது இருந்தா நீ அங்கிட்டுக் கடைசிக்குப் போயிருவ. மணமேல்குடில அவ விழுந்தப்ப தூரத்துல நின்னேன்னு நீதான சொன்ன? வயரு மாட்டுனா நீ அவ பக்கத்துலயே நிப்ப. அதுக்குத்தான் சொன்னேன். என்னால கூட வர முடியுமா? நீதான் போற."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தானும் அழுதார். இது உனக்குத் தெரியாமலே போய்விட்டது. அல்லது உனக்கு அப்போதே தெரிந்திருந்ததா? உன்னிடம் கேட்க முடியாத கேள்விகளில் இதுதான் என்னை அதிகம் படுத்துகிறது.

அன்றிலிருந்து நானும் அவரை உம்மா என்றே கூப்பிடுகிறேன். போன வாரம் அறந்தாங்கியில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழையும்போதே அவரிடமிருந்து போன்.

"போய்ச் சேந்துட்டியா? கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல உம்மா. தனியாத்தான்."

"சாப்ட்டுட்டு வேலையப் பாரு. வீட்டுக்குப் போனதும் எனக்குச் சொல்லு" என்றார்.

அவர் உனக்காகப் பட்ட கவலை இப்போது எனக்கு வருகிறது. அது உனக்குச் சேர வேண்டியது என்று தெரிந்தேதான் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனதும், கைகால்கூடக் கழுவாமல், முதல் வேலையாக அவருக்குப் போன் போட்டு, வந்துவிட்டேன் என்று சொல்கிறேன்.