பாலாமணி டீச்சரின் டீமும் நானும்

19 மே 2025, திங்கள்

பள்ளி அதிபர் இன்று ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். பாலாமணி டீச்சர் போன டிசம்பரில் ஓய்வு பெற்றதிலிருந்து பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியர் இல்லை. வலயப் போட்டிக்கான விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். பொறுப்பாசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் இந்த வருடம் அணியே இல்லை. முப்பத்தொரு வருடம் ஒரு தடவையும் தவறாமல் போன அணி.

"நிஷ்மியா டீச்சர், நீங்க அந்த டீம்ல ஆடினவங்கதானே" என்றார். நாலு வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன், நேரமில்லை என்றேன்.

பொய். நேரம் இருக்கிறது.

20 மே

அணியில் ஆடக் காத்திருக்கும் ஒன்பதாம் வகுப்பு றாபியா இடைவேளையில் வந்து பக்கத்தில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றாள். அதுதான் எனக்கு எரிச்சல். ஹோம்வேர்க் எங்கே என்று கேட்டுத் துரத்திவிட்டேன். பாவம், செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

21 மே

காலையிலிருந்து டீச்சர் ஞாபகமாகவே இருக்கிறது.

2003. எனக்குப் பதினைந்து வயது. கோர்ட்டில் கால் தெரிய ஓடுவதா, முடியவே முடியாது என்று வாப்பா ஒரே பிடியாக நின்றார். டீச்சர் மாத்தளை டவுனில் இருந்த எங்கள் பலசரக்குக் கடைக்கே வந்தார். வாதாடவில்லை. நூறு கிராம் கராம்பு வாங்கிக்கொண்டு, வாப்பாவை அண்ணன் முறை வைத்து, "நானா, என்ன உடுப்புப் போட்டா புள்ளய அனுப்புவீங்க?" என்று மட்டும் கேட்டார். வாப்பா முழுக் காற்சட்டை, முழுக் கை, தலையில் ஸ்கார்ஃப் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அடுத்த மாதப் போட்டிக்கு ஸ்கார்ஃப் எனக்கு மட்டும். முழுக் காற்சட்டையும் முழுக் கையும் பன்னிரண்டு பேருக்கும். எல்கடுவ தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே உடுப்பு. ஒருத்தியின் உடுப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது டீம் இல்லை என்று டீச்சர் சொன்னாராம். மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்களைப் பைஜாமா டீம் என்றார்கள். எங்களிடம் இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்ற பிறகு அந்தப் பேச்சு நின்றது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடைக்கு எப்படி எகிறுவது என்று காட்டுவார். அந்த மாதிரி மனுஷியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

ஆனால் என்னை ஏன் எப்போதும் பெஞ்சில் வைத்தார்?

எழுதிவிட வேண்டியதுதான். எல்கடுவ கடைசி பஸ் நாலு மணிக்கு. தோட்டத்துப் பிள்ளைகள் ஆட்டத்தின் நாலு பாகத்தில் முதல் மூன்று குவார்ட்டர் ஆடிவிட்டு வேர்வையோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். கடைசிக் குவார்ட்டருக்கு நான் இறங்குவேன். ஒவ்வொரு போட்டியிலும் அப்படித்தான். நன்றாக ஆடுகிறவளுகள் போன பிறகு இடம் நிரப்ப ஒருத்தி. அப்படிப்பட்டவள் இன்றைக்கு யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

22 மே, வியாழன்

முடியாது என்பதை டீச்சரிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று உக்குவளையில் அவர் வீட்டுக்குப் போனேன். என் கணவர் நளீம் பைக்கில் கொண்டுபோய் விட்டார்.

டீச்சருக்கு முழங்கால் வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. ஆனாலும் அவரே பாலில்லாத பிளேன்டீ ஊற்றித் தந்தார். நேரமில்லை, கணக்குப் பாடம் என்று ஆரம்பித்தேன். எங்கேயோ தடம் மாறி, இருபத்திரண்டு வருடமாக வயிற்றுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் போனவளுக இடத்தை நிரப்பத்தானே டீச்சர் என்னை வச்சிருந்தீங்க என்று கேட்டே விட்டேன். வெட்கம்!

டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார்.

"டவுன் புள்ளைங்க இன்னும் நாலு பேர் இருந்தாங்கதானே. அவளுகள மொதல்லயே எறக்கினேன். ஒன்ன மட்டும் ஏன் உக்கார வச்சேன்னு யோசிச்சியா?"

இல்லை என்றேன்.

"பெஞ்சுல உக்கார வச்சா ஒனக்குக் கோவம் வரும். கோவத்தோட கோர்ட்டுக்குள்ள வந்தா நீ ஒருத்தியையும் தாண்ட விடமாட்ட. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு எனக்கு அதுதான் வேணும்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொன்னா ஒனக்குக் கோவம் வராதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு நிஜமாகவே கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம்! டீச்சர் அமைதியாக இன்னொரு கோப்பை ஊற்றினார்.

23 மே

கையெழுத்துப் போட்டேன்.

26 மே, திங்கள்

ஏழு பேர்தான் வந்தார்கள். இருந்த நாலு பந்தில் மூன்றில் காற்றில்லை. றாபியாவுக்குப் பந்து கைக்கு வந்ததும் கண் மூடிக்கொள்கிறது. இன்னொருத்திக்கு ஓடச் சொன்னால் இருமல். நான் என்ன செய்யப் போகிறேன், யா அல்லாஹ்.

10 ஜூன்

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து முதல் பயிற்சி. ஒன்பது பேர். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் என்ன செய்வார், டீச்சர் என்ன சொல்வார் என்று யோசித்து யோசித்தே பாதி நேரம் போகிறது. அவர் செய்தது அவருடைய பிள்ளைகளுக்குச் சரி. இந்த றாபியாவைப் பெஞ்சில் வைத்தால் கோபப்பட மாட்டாள், அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இவளை முதலிலிருந்தே ஆடவிட வேண்டும். நாளையிலிருந்து என் புத்தியில் படுகிறபடி செய்யப் போகிறேன்.

26 ஜூன், வியாழன்

வலயப் போட்டி. முதல் ஆட்டம் வென்றோம். இரண்டாவது ஆட்டத்தில் 31-27, தோற்றோம். நாலே புள்ளி. வேனில் எல்லாரும் அழுதார்கள். அழுகிறவர்கள் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று கத்திவிட்டேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு. இனி யார் வரப் போகிறார்கள்?

30 ஜூன், திங்கள்

பதினான்கு பேர்.

3 ஜூலை, வியாழன்

டீச்சர் இன்று கோர்ட்டுக்கு வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். பிள்ளைகள் ஓடிப்போய் அவர் உட்காரக் கதிரை போட்டார்கள். ஐந்து நிமிடம்தான் சும்மா இருந்தார். றாபியா பந்தை வாங்கித் திரும்பியபோது, முட்டியை மடக்கு என்று சத்தம் போட்டார். பிறகு அடுத்தவளுக்கு. பிறகு எல்லோருக்கும். நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, பிள்ளைகள் நடுவில் நின்று முழித்தார்கள்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. என் புள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, உக்குவளை பஸ் பிடிக்கப் போனார். நான் ஐந்தரை வரை பயிற்சி நடத்தினேன்.