விசில் ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும்

இல்லை, 'ஓய்வு' என்று எழுத முடியாது. ஓய்வு வேலை முடிந்தவர்களுக்கு. 'இடைவேளை'யும் சரிவராது. அது மணியடித்தால் தானாக வரும். டைம் அவுட் அப்படியல்ல. ஒருத்தி கையைத் தூக்கிக் கேட்க வேண்டும்.

நெட்போல் விதிகளைக் கரும்பலகையில் தமிழில் எழுதிப்போடச் சொல்லியிருக்கிறார் பெரிய டீச்சர். இந்த ஒரு சொல்லில் நிற்கிறேன். வெளியே பிள்ளைகள் தோடம்பழம் உரிக்கிறார்கள். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

இதே ஹட்டன் பள்ளிக்கூடம், இதே மைதானம். எட்டாம் வகுப்பில் இருந்தோம். நீ விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கை தூக்கினாய். விசில் ஊதியது. எதிரணியும் அப்படியே நின்றது. நீ காயத்தைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்தாய்.

"அடியே, நாம நின்னா அவளுகளும் நிக்கணுமாம்டி!"

அன்று றொசல்லயில் ரயிலைவிட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்தில் நம் வீடுகள் இருந்த லயத்துக்கு நடந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். வீட்டில் உன் அம்மா ஏசத் தொடங்கினார். நீ கையைத் தூக்கினாய்.

"டைம் அவுட்டும்மா. தண்ணி குடிச்சிட்டு வாறேன், அப்பறம் ஏசுங்க."

"எவடி இவளுக்கு விசில் வாங்கிக் குடுத்தது?" என்றார் அம்மா. சிரித்துவிட்டார். அன்றைக்கு அதற்குமேல் ஏச அவரால் முடியவில்லை.

அந்த வருடமே உன்னைக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். நான் படித்தேன்.

மலையில் ஒருத்தி நின்றால் மற்றவர்கள் நிற்பதில்லை. அவளுடைய நிரை பின்தங்கும். மற்றக் கூடைகள் மேலே போய்க்கொண்டிருக்கும். அங்கேயும் நீ கை தூக்கினாய். பெண்கள் சிரித்தபடி ஒரு வெற்றிலை போடும் நேரம் நின்றார்கள். "என்னா புள்ள, மலையில வெளையாட்டா?" என்பார் கங்காணி. "நீங்கதான் ரெப்ரி, கங்காணியாரே. ஊதுங்க" என்பாய்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நான் லீவில் வந்தபோது இதை நீதான் நடித்துக் காட்டினாய். உன் வயிறு லேசாகத் தெரிந்தது. எப்போது நிற்கப்போகிறாய் என்று கேட்டேன்.

"நான் நின்னா என் நெரை நிக்குமா?"



மிச்சத்தை உன் அக்கா சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. சரிவின் நடுவே நீ கை தூக்கியிருக்கிறாய். "ஊதியாச்சு, ஊதியாச்சு" என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். நீ கையை இறக்கவில்லை. பிறகுதான் உன் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

நின்றார்கள். உன் நிரைக்கு மேலும் கீழும் எல்லோரும். கங்காணியும் நின்றார், பிறகு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறிக்காக ஓடினார். லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போய்விட்டிருந்தது. உன்னைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ரோட்டைத் தொடுவதற்குள் நீயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"மலையே நின்னுச்சு புள்ள," என்றார் அக்கா. "அவதான் நிக்காம போயிட்டா."

எல்லோரும் நின்றால் போதும் என்று நீ நம்பினாய். நானும் நம்பினேன். அவர்கள் நின்றார்கள். அது போதவில்லை.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் உன் நிரையை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? கொழுந்து முற்றிவிடும். விளையாட்டில் மட்டும்தான் ஒருத்தி மூச்சு வாங்கி வரும்வரை அவளுடைய இடம் அவளுக்காகக் காத்திருக்கிறது.

உன்னிடமிருந்து என்னோடு இருப்பது அந்தக் கை ஒன்றுதான். வகுப்பில் எந்தப் பிள்ளை கை தூக்கினாலும் முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன். சந்தேகம் கேட்கத்தான் தூக்கியிருப்பாள்.

கரும்பலகையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஆட்டத்தின் நடுவே ஒருத்தி கை தூக்கினாள். சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது. விசில் ஊதினேன். எல்லோரும் நின்றார்கள். அவள் கட்டி முடித்ததும் மறுபடி ஊதினேன்.