இடது ஓரத்தில் காலியான கொடி

அன்புள்ள ஹெர்பர்ட்,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

லண்டன் ஹோட்டலில் துணி துவைப்பது எனக்குப் பெரிய வேலையா? நம் ஊர் தார்ன்பெக் கால்பந்துக் குழு முதல் டிவிஷனுக்கு ஏறியபோதும், கடைசி டிவிஷனுக்கு இறங்கிக் கலைந்தபோதும் சட்டைகளை வெளுத்தவள் நான்தானே. அந்த வெளுப்பு வேறெந்தக் குழுவுக்கும் இருந்ததில்லை.

சனிக்கிழமை சமையல்காரர்களின் சட்டைகளைக் காயப்போட்டேன். பழைய கைப்பழக்கம், ஆட்டக்காரர்கள் நிற்பதுபோலவே மாட்டிவிட்டேன்: கோல் வாசலில் ஒன்று, அடுத்த கொடியில் இரண்டு, பிறகு மூன்று, முன்னால் ஐந்து. ஆனால் பத்துச் சட்டைதான் இருந்தது. முன்வரிசையில் இடது ஓரம் காலி.

வாசல்காரர் சிட்னி சிரித்தார். "என்ன பாட்டி, லெஃப்ட் அவுட் ஆளக் காணோம்? பத்துப் பேர வச்சா ஜெயிக்கப் போறீங்க?"

"அது என் வீட்டுக்காரர் ஆடுன இடம். வேற எவனையும் விடமாட்டேன், போய்யா!" என்றேன்.

பூட்டிய மைதான வாசலில் இன்னும் சனிக்கிழமைதோறும் நிற்கிறீர்களாம். பக்கத்து வீட்டு டோரிஸ் எழுதியிருந்தாள். குளிரில் வேண்டாம். கம்பளிக் காலுறை மேல் அலமாரியில் இருக்கிறது. பெட்டியிலுள்ள உங்கள் ஆட்டச் சட்டையை அனுப்புங்கள், அலசித் தருகிறேன். தபாலில் தொலைந்துவிடும் என்று தோன்றினால் நீங்களே போட்டுக்கொண்டு வாருங்கள்.

சட்டைகளுக்குப் போடும் கஞ்சி பொங்குகிறது, ஓடுகிறேன்.

எட்னா