இழுவை இல்லாத லாரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் குழந்தைகளும் நலம். உன் மாமாவும் நலம்தான். வாய் மட்டும் சில நாட்களாக வேலை செய்யவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகும் நீ புது டர்போ மாட்டிய அந்த லாரி மாமாவின் பட்டறையை விட்டு நகரவில்லை. காலியாக ஓட்டினால் ஒழுங்காகப் போகும். சுமை ஏற்றி மேட்டில் விட்டால் கரும்புகை கக்கிக்கொண்டு நொண்டும். புது டர்போ போட்டதற்குப் பழையதே தேவலை என்று டிரைவர் போகிற இடமெல்லாம் சொன்னார். “அவன் கை வச்சா இப்படித்தான்” என்று உன் முகத்துக்கு நேரே சொன்னதையே மாமாவும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நீ மாட்டிய டர்போவைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். அதே நொண்டல். டீசல் ஃபில்டரையும் காற்று ஃபில்டரையும் மாற்றினார். காற்று கசிகிறதா என்று குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரை முதலிலேயே வைக்கலாம் என்று நீ சொன்னபோது, “எனக்கே பாடமா?” என்று கத்தினாரே, கடைசியில் அதைத்தான் எடுத்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பக்கம் அழுத்தம் சரியாக இருந்தது. இன்ஜின் பக்கம் பாதிகூட இல்லை. நடுவில் இருப்பது காற்றைக் குளிரவைக்கும் இண்டர்கூலர்தானே, அதன் குழாயைக் கழற்றினார். நான்தான் விளக்குப் பிடித்தேன்.

உள்ளே ஒரு துணி அடைத்துக்கொண்டிருந்தது. எண்ணெயில் ஊறியிருந்தாலும் பூக்கள் தெரிந்தன. நம் சமையலறையின் பழைய திரைச்சீலை. பழைய டர்போவைக் கழற்றிய அன்று, தூசி விழாமல் குழாய் வாயை அடைக்க மாமா கேட்டார் என்று நான் கிழித்துக் கொடுத்தது. நீ அப்போது கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். நீ வருவதற்குள் அந்தக் குழாயைத் துணியோடு மாட்டியவர் அவரேதான்.

துணியை உருவிப் போட்டுவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினார். லாரி சுமையோடு மேடு ஏறி இறங்கி வந்தது. என்ன கோளாறு என்று டிரைவர் கேட்டதற்கு, “குழாய்ல அடைப்பு” என்று முடித்துக்கொண்டார். மீசையில் மண் ஒட்டக்கூடாதல்லவா! அடைத்தது யார் என்பதை நான் சொன்னேன். மாமா மறுக்கவில்லை.

நீ இல்லாமல் பட்டறையும் வெறிச்சென்று இருக்கிறது, சாப்பாட்டு மேசையும் அப்படியே. உன் தட்டைச் சின்னவள் யாருக்கும் தருவதில்லை.

இன்று காலை மாமா, “பத்தாம் நம்பர் ஸ்பேனரை எங்க வச்சான்னு உன் தம்பிக்கு எழுதிக் கேளு” என்றார். அது பட்டறைச் சுவரில் நீ எப்போதும் மாட்டுகிற ஆணியில்தான் தொங்குகிறது. அதற்கு எதிரே நின்றுகொண்டுதான் கேட்டார்.

கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். பதில் எழுதாதே. நீயே வந்து எடுத்துக் கொடு, நல்லா இருப்பே.

உன் அக்கா